யுக்கத்தான் குடாநாட்டிற்குச் செல்வோர்க்கு

மார்கழி, தை மாதங்களில் கனடா தேசத்து வீதிகளைப் பனி மூடிக் கிடக்கும். அக்காலத்தில் அந்நாட்டு மக்களுள் வசதி படைத்தோர் வெயிலைத் தேடித் தெற்கு நோக்கிப் பயணப்படுவர். ரொறன்ரோ மாநகரில் விமானம் ஏறினால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில், மெக்சிக்கோ நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள கன்கூன் என்னும் கடற்கரை நகரிற் போய் இறங்கலாம். இவ்வாறு சென்று வருவோருள் இலங்கையிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் உள. அவர்கள் எடுத்த படங்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள வீடுகளை வந்தடைகின்றன. நீலமணி போன்ற கடல், சீனி போன்ற வெண்மணல், படிப்படியாக உயர்ந்து நிற்கும் பழைய கற்கோயில் ஆகியவற்றைக் காணும் நேயர் சிலர்க்கு, "ஒருமுறை நாமும் போய் வந்தால் என்ன?" என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

படங்கள் அழகைக் காட்டும். ஆயத்தத்தைக் கற்பிக்க மாட்டா. அவ்விடத்தின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காற்று எப்போது சீறும், கடல் எப்போது வஞ்சிக்கும், அங்குள்ளோர் விருந்தாளியிடம் எதனை எதிர்பார்க்கின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை தேடிக்கொண்டு புறப்படுபவனே நல்ல பிரயாணி. விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வருபவன் அறியாமையோடு வருதல் குற்றமன்று. அறியாமையோடே திரும்புதல்தான் குறை.

யுக்கத்தான் என்பது மெக்சிக்கோ வளைகுடாவுக்கும் கரிபியன் கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டிருக்கும் பெரிய குடாநாடு. மெக்சிக்கோவின் யுக்கத்தான், கம்பெச்சே, கிந்தானா ரோ என்னும் மூன்று மாநிலங்கள் அதில் அடங்கும். மாயா என்னும் பழங்குடியினர் அங்கே நகரங்களும் கோயில்களும் அமைத்து, வானநூலும் கணிதமும் பயின்று வாழ்ந்தனர். 1517ஆம் ஆண்டில் ஸ்பானியர் கப்பல்கள் அக்கரையை அடைந்தன. 1542ஆம் ஆண்டில் மாயா நகரொன்று இருந்த இடத்திலே மெரிடா என்னும் ஸ்பானிய நகர் எழுந்தது. இன்றும் அதுவே யுக்கத்தான் மாநிலத்தின் தலைநகர். கன்கூனோ மிக இளைய ஊர். 1970ஆம் ஆண்டளவில் மீனவர் சிலரே வாழ்ந்த மணல் திட்டு, அரசின் திட்டத்தினால் விடுதி நகராக மாறியது.

இக்குடாநாட்டின் நில அமைப்பு யாழ்ப்பாணத்தவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே யுக்கத்தானும் சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. அதன் வடபாகத்தில் நிலத்தின்மேல் ஓடும் ஆறுகள் இல்லை. பெய்யும் மழை கற்பாறையின் வெடிப்புகள் வழியே உள்ளே இறங்குகின்றது. இறங்கும் நீர் மெல்ல மெல்லச் சுண்ணாம்பைக் கரைத்துக் குகைகளையும் சுரங்க வழிகளையும் உண்டாக்குகின்றது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் ஆழமான நீர்நிலைகள் வெளிப்படுகின்றன. இவற்றை மாயா மொழியிலிருந்து பிறந்த செனோத்தே என்னும் பெயரால் ஸ்பானிய மொழியில் அழைப்பர். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்க்கு ஒரு செனோத்தே எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிலாவரையிற் போலவே அங்கும் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. கடல் நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கும் அந்த நன்னீரே குடாநாட்டு மக்களின் உயிர்நீர்.

யுக்கத்தான் செல்வோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. அங்கே நிலத்திற் சிந்தும் எதுவும் தண்ணீரிற் சேரும். தண்ணீரிற் சேர்ந்தது பாறையினூடே சென்று கடலை அடையும். அக்கரையோரக் கடலில் மெக்சிக்கோவிலிருந்து ஹொண்டூராஸ் வரை ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் நீளத்திற்குப் பவளப் பாறைத் தொடர் ஒன்று அமைந்துள்ளது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத் தொடருக்கு அடுத்ததாக உலகில் எண்ணப்படுவது அது. அழுக்கு நீர் அதனை நோயுறச் செய்யும். பவளம் அழிந்தால் மீன் குறையும். பேரலைகளின் வேகத்தைத் தணிக்கும் அரண் தளரும். சூறாவளிக் காலத்திலே கரையோரத்தார் வீடுகள் நேரடியாக அடி வாங்கும். ஒருவன் உடலிற் பூசிக்கொண்ட வெயில் தைலம் முதல் ஒரு மீனவன் வீட்டுக் கூரை வரை இவ்வாறு ஒரே சங்கிலி ஓடுகின்றது. பவளத் தொடரின் பயனை உணர்ந்த கிந்தானா ரோ மாநிலத்தார் அதன் ஒரு பகுதிக்குக் காப்புறுதியே செய்திருந்தனர். 2020ஆம் ஆண்டு டெல்டா என்னும் சூறாவளி வீசிய பின்னர், சிதைந்த பவளங்களைச் சீர்செய்ய அக்காப்புறுதிப் பணம் உதவியது.

ஆகவே, செனோத்தேயில் நீராடச் செல்வோர் முன்கூட்டியே வெயில் தைலம், நுளம்புத் தைலம், வாசனைப் பொருள் முதலியவற்றைக் கழுவிவிட்டே இறங்குதல் வேண்டும். பெரும்பாலான இடங்களில் இதற்கென நீர்த்தூவிகள் வைத்திருப்பர். வெயிலுக்குத் தைலத்தினும் நீண்ட கையுடைய சட்டையே மேலான காவல். குகைகளில் தொங்கும் சுண்ணக்கற் கூம்புகள் நூற்றாண்டுகள் பலவாகச் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. அவற்றைத் தொடுதல் ஆகாது. நீர் தெளிவாக இருத்தலின் ஆழம் குறைந்தது போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பிக் குதிப்பவர் பாறையில் மோதுவர். நீந்தத் தெரிந்தோரும் மிதவைச் சட்டை அணிதல் நலம். நீருக்குள் இருக்கும் குகை வழிகளுள், அதற்கென விசேட பயிற்சியும் தக்க வழிகாட்டியும் இல்லாதோர் நுழையவே கூடாது. அத்தகைய குகை வாயில்களில் மரணத்தின் உருவம் எழுதிய எச்சரிக்கைப் பலகைகள் நீருக்கடியில் நாட்டப்பட்டிருப்பது வேடிக்கைக்காக அன்று. தேர்ந்த நீச்சற்காரர் பலர் திரும்பி வராமையால் நாட்டப்பட்டவை அவை.

இனி, செல்லத்தக்க காலத்தை ஆராய்வோம். கார்த்திகை முதல் பங்குனி வரை மழை குறைவு, வெப்பமும் தாங்கத்தக்கது. இடையிடையே வடகாற்று வீசிக் கடலைக் கலக்கும். அவ்வேளை மாலையில் ஒரு போர்வை வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களிலே உள்நாட்டு வெப்பம் மிகக் கடுமையாகும். மெரிடா நகரில் 40 பாகை செல்சியஸை எட்டுவதும் உண்டு. யூன் மாதம் முதலாந் தேதி தொடக்கம் நவம்பர் முப்பதாந் தேதி வரை சூறாவளிக் காலம் எனக் கணிக்கப்படும். 1988ஆம் ஆண்டில் கில்பர்ட், 2005ஆம் ஆண்டில் வில்மா என்னும் பெருஞ் சூறாவளிகள் அக்கரையைத் தாக்கின. வில்மா கடந்து செல்லாது கொசுமெல் தீவையும் கன்கூனையும் ஒரு நாளுக்கு மேலாக உலுப்பி, கடற்கரை மணலையே வாரிச் சென்றது. 1964ஆம் ஆண்டின் மன்னார்ப் புயலையும் 1978ஆம் ஆண்டின் மட்டக்களப்புச் சூறாவளியையும் அறிந்த நாட்டவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

இக்காலத்திலே அறைக்கட்டணம் குறைவாதலின் பலர் செல்வதுண்டு. அவ்வாறு செல்வோர் பயணக் காப்புறுதியை விமானச் சீட்டு வாங்கும்போதே பெறுதல் வேண்டும். ஒரு சூறாவளிக்குப் பெயரிடப்பட்ட பின்னர் எடுக்கும் காப்புறுதி, அச்சூறாவளியால் வரும் நட்டத்தைப் பெரும்பாலும் ஈடு செய்யாது. எச்சரிக்கை விடுக்கப்பட்டால் அதிகாரிகளின் சொற்படி நடத்தலே முறை. அலைகளைப் படம் எடுக்கக் கரைக்குச் செல்பவன் தன்னுயிரை மட்டுமன்றித் தன்னை மீட்க வருவோர் உயிரையும் பணயம் வைக்கிறான்.

பயணப் பத்திரங்களைப் பற்றிய குறிப்பும் இன்றியமையாதது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்க்கு மெக்சிக்கோ செல்ல விசா வேண்டும். கனடா, அமெரிக்கா முதலிய சில நாடுகளின் செல்லுபடியான விசாவோ நிரந்தர வதிவிட உரிமையோ உடையார்க்கு விலக்கு உண்டு. எனினும் இவ்விதிகள் மாறும் இயல்பின. புறப்படுமுன் மெக்சிக்கோத் தூதரகத்தில் கேட்டு உறுதிப்படுத்துதல் வேண்டும். பலரும் மறந்து இடர்ப்படும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்காக மட்டுமே இறங்குவோராயினும் இலங்கையர்க்கு அந்நாட்டு விசா தேவை. மலிவான சீட்டு எனக் கருதி அவ்வழியே பதிவு செய்து, புறப்படும் நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுதல் வீண் துன்பம். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை வேறாக வைத்திருத்தல் எந்நாட்டுக்கும் பொருந்தும் விதி. மின்சாரப் புகைக்குழல்களை மெக்சிக்கோவுக்குள் கொண்டுசெல்லுதல் தடை செய்யப்பட்டது. கடற்கரைகள் உட்படப் பொது இடங்களிற் புகைப்பதற்கும் 2023ஆம் ஆண்டு முதல் தடை உண்டு.

அந்நாட்டு நாணயம் பெசோ. அதனையும் டொலரைக் குறிக்கும் அதே குறியினால் எழுதுவது வழக்கம். உணவுச்சாலை அட்டையில் அக்குறியோடு 200 எனக் கண்டு திகைப்போரும் உளர். டொலர் என நினைத்துக் கொடுத்து ஏமாறுவோரும் உளர். எந்த நாணயம் என்று கேட்டுத் தெளிதல் நன்று. வங்கி இயந்திரத்தில் அட்டையிட்டுப் பணம் எடுக்கும்போது, "உம் நாட்டு நாணயத்திற் கணக்கிடட்டுமா?" என்று இயந்திரம் வினவும். அதனை மறுத்துப் பெசோவிலேயே கணக்கிடச் செய்தால் நட்டம் குறையும். கிராமங்களில் அட்டை செல்லாது; சில்லறைக் காசு வேண்டும்.

நேரமும் பிரயாணியை மயக்கும். கன்கூன் உள்ள கிந்தானா ரோ மாநிலம், 2015ஆம் ஆண்டு முதல், அயலிலுள்ள யுக்கத்தான் மாநிலத்தைவிட ஒரு மணி நேரம் முந்திய நேரத்தைக் கடைப்பிடிக்கின்றது. கன்கூனிலிருந்து சிச்சென் இட்சாவுக்குச் செல்பவர் ஒரு மணி நேரத்தைப் பெறுவர். திரும்புகையில் அதனை இழப்பர். விமானத்திற்கு நேரம் குறிப்போர் இதனை மறத்தலாகாது. மின்சாரமும் வேறுபட்டது. இலங்கையில் 230 வோல்ற்று. அங்கே ஏறக்குறைய 127. செருகியும் தட்டையான இரு கால்களை உடையது. வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகச் செல்லும். ஆதலின் வீதியைக் கடப்போர் முதலில் இடப்பக்கம் பார்த்தல் வேண்டும். கிராமத்து வீதிகளில் தோப்பே எனப்படும் மேடுகள் வேகத்தைத் தடுக்கக் குறுக்கே கட்டப்பட்டுள்ளன. இரவில் அவை கண்ணுக்குப் புலப்படா. வாகனம் ஓட்டுவோர் பொழுது சாயுமுன் ஊர் சேர்தல் அறிவுடைமை. நகரங்களுக்கிடையே நல்ல பஸ் வண்டிகள் ஓடுகின்றன. சிறு தூரங்களுக்குக் கொலெக்தீவோ எனப்படும் கூட்டு வான்கள் உண்டு. கை காட்டினால் நிற்கும்.

மொழியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அசட்டை செய்தலும் தகாது. விடுதிகளில் ஆங்கிலம் செல்லும். விடுதி வாயிலைக் கடந்தால் ஸ்பானிய மொழியே. எழுதியவாறே ஒலிக்கும் மொழியாதலின் தமிழர்க்கு அஃது எளிது. காலை வணக்கத்திற்கு "புவெனோஸ் தியாஸ்", பிற்பகலில் "புவெனாஸ் தார்தெஸ்", தயவுசெய்து என்பதற்கு "போர் ஃபவோர்", நன்றிக்கு "கிராசியாஸ்", விலை கேட்க "குவாந்தோ குவெஸ்தா", இடம் கேட்க "தோந்தே எஸ்தா", தண்ணீருக்கு "ஆகுவா", விளங்கவில்லை என்பதற்கு "நோ எந்தியெந்தோ". இவ்வெட்டுத் தொடர்களும் ஒருவரை நாள் முழுதும் நடத்திச் செல்லும். கடையில் நுழைந்தவுடன் வணக்கம் கூறாது பொருளின் விலையைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. உணவருந்துவோரைக் கடந்து செல்பவன், முன்பின் அறியாதவனாயினும், "புரோவேச்சோ" என வாழ்த்திச் செல்வான். உண்டது உடலிற் சேர்க என்பது அதன் கருத்து.

ஆங்கிலம் மட்டும் பேசுவோர் இடர்ப்படும் ஓரிடத்தில் தமிழர் எளிதில் தேறுவர். ஸ்பானிய மொழியில் "தூ" என்றும் "உஸ்தேத்" என்றும் இரு முன்னிலைச் சொற்கள் உள. முன்னையது நீ, பின்னையது நீங்கள். முதியோரையும் அறிமுகமில்லாதோரையும் "உஸ்தேத்" என்றே அழைத்தல் வேண்டும். அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணையும் பாரஞ் சுமக்கும் முதியவரையும் அவ்வாறே அழைப்பவன், பண்புடையவன் என உடனே அறியப்படுவான். "ஆவோரீத்தா" என்னும் சொல் ஒன்றும் உண்டு. இப்பொழுதே என்பது அதன் சொற்பொருள். நடைமுறையில் அது சிறிது நேரத்தையும் குறிக்கும், நெடுநேரத்தையும் குறிக்கும். "இப்ப வாறன்" என்னும் பேச்சைக் கேட்டுப் பழகியவர்க்கு இதனால் மனக்குறை உண்டாகாது.

கிராமங்களில் ஸ்பானிய மொழிக்கு முன்னே மாயா மொழி நிற்கின்றது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி மெக்சிக்கோவில் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பேசுகின்றனர். மாயா மக்கள் மறைந்தொழிந்த ஒரு குலத்தார் என எண்ணிச் செல்வோர் பலர். பஸ் வண்டி ஓட்டுபவரும் சந்தையில் தோடம்பழம் விற்பவரும் அக்கோயில்களைக் கட்டியோரின் வழித்தோன்றல்கள் என்பதை அறியும்போது வெட்கமடைவர். "தியோஸ் போதிக்" என்று மாயா மொழியில் நன்றி கூறினால் கிடைக்கும் புன்னகை, கொடுத்த காசுக்குக் கிடைப்பதன்று.

உணவைப் பற்றிக் கூறுமிடத்து ஒரு கடனையும் நினைவுகூர்தல் தகும். மிளகாய், தக்காளி, சோளம், பப்பாசி, கொய்யா, அன்னாசி, மரவள்ளி, புகையிலை யாவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி ஆசியாவுக்கு வந்தவை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கிணற்று நீர் இறைத்து வளர்த்த மிளகாய்க்கும் புகையிலைக்கும் பூர்வீகம் அங்கேயே. எனினும் காரம் தின்று பழகிய நாக்கு என்னும் பெருமிதத்தோடு ஆவனேரோ என்னும் மிளகாயைக் கடித்துவிடலாகாது. சிறிய விளக்கைப் போல் அழகாயிருக்கும் அது, வீட்டுச் செத்தல் மிளகாயைப் பன்மடங்கு விஞ்சும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்துத் தட்டும் தோர்த்தீயா என்னும் ரொட்டியே அன்றாட உணவு. சுண்ணாம்பு சேர்ப்பதனால் சோளத்திலுள்ள ஓர் உயிர்ச்சத்து உடலிற் சேரும் நிலையை அடைகின்றது. அம்முறையைக் கல்லாது சோளத்தை மட்டும் கொண்டுசென்று உண்ட பிற நாட்டு ஏழைகள் பெலாக்கிரா என்னும் நோய்க்கு ஆளாயினர். பழங்குடியினர் அறிவை இகழ்தல் எத்துணைத் தீங்கு என்பதற்கு இது சான்று.

மரக்கறி உண்போர் "சின் கார்னே", அஃதாவது இறைச்சி இல்லாமல், எனக் கேட்பதோடு அமையலாகாது. அவித்து மசித்த அவரையிற் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். "சின் மந்தேக்கா" என்று கூறின் கொழுப்பும் நீங்கும். குழாய் நீரை அருந்தலாகாது. சுத்திகரித்த போத்தல் நீரையே பல் துலக்கவும் பயன்படுத்துவது நன்று. வயிற்றோட்டம் ஏற்படின் மருந்துக்கு முன் நீரிழப்பைத் தடுத்தல் வேண்டும். சுத்தமான ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்து அடிக்கடி பருகலாம். காய்ச்சலோ இரத்தமோ காணப்படின் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். நண்பகல் வெயிலில் அலைந்து திரிதல் நோய்க்கு அழைப்பாகும்; அவ்வூரார் வீட்டுக்குள் இளைப்பாறும் வேளையில் வெளியே அலைபவர் பெரும்பாலும் விருந்தாளிகளே. இலங்கையைப் போலவே டெங்குக் காய்ச்சல் அங்கும் உண்டு. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. கர்ப்பிணிகள், சீக்கா என்னும் நோயைக் குறித்தும் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். எவ்வகை ஆபத்திற்கும் அங்கே அழைக்கவேண்டிய தொலைபேசி எண் 911.

கடற்கரையில் நாட்டியுள்ள கொடிகளைப் படித்தறியாதவன் கடலில் இறங்கத் தகுதியற்றவன். பச்சை பாதுகாப்பையும், மஞ்சள் எச்சரிக்கையையும், சிவப்பு ஆபத்தையும், கறுப்பு முற்றான தடையையும் குறிக்கும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் அதற்கெதிராக நீந்திக் களைத்தலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்தின் அகலம் முடிந்துவிடும். பின்னர்க் கரை சேரலாம். முடியாவிடின் மிதந்தவாறே கை உயர்த்தி உதவி கோருதல் வேண்டும். பவளத்தின்மேல் நிற்பதோ ஆமைகளைத் தொடுவதோ ஆகாது. சர்காசம் என்னும் பழுப்பு நிறக் கடற்பாசி கோடை மாதங்களில் பெருமளவில் கரையொதுங்கி வருகின்றது. அழுகும்போது துர்நாற்றம் வீசும். படத்திற் கண்ட நீலக் கடலைக் காணாது சினந்து விடுதி ஊழியரைக் கடிந்துகொள்வோர் உளர். விடியுமுன் எழுந்து அப்பாசியை வாரிச் சுமப்பவரும் அவ்வூழியரே.

பழைய கோயில்களுள் சிச்சென் இட்சாவிலுள்ள குக்குல்கான் கோயில் உலகறிந்தது. நான்கு பக்கமும் 91 படிகள், உச்சி மேடை ஒன்று, கூட்டினால் 365. இரவும் பகலும் ஒத்துவரும் மார்ச்சு, செப்தெம்பர் மாதங்களின் நாட்களையொட்டி, மாலை வெயிலின் நிழல் படிவரிசையின் ஓரமாகப் பாம்பு இறங்குவது போலத் தோன்றும். அந்நாட்களிற் கூட்டம் மிகுதி. அமைதியாகக் காண விழைவோர் வேறு நாளிற் காலை வாயில் திறக்கும்போதே செல்லலாம். கோயிலின்மேல் ஏறுதல் இப்பொழுது அனுமதிக்கப்படுவதில்லை. இடிபாடுகளிலிருந்து ஓர் ஓட்டுத் துண்டை எடுத்தலும் சட்டப்படி குற்றம். 1562ஆம் ஆண்டில் மாணி என்னும் ஊரில், டியேகோ தே லாண்டா என்னும் பாதிரியாரின் கட்டளைப்படி, மாயா மக்களின் நூல்கள் தீயிலிடப்பட்டன. பண்டை மாயா நூல்களுள் இன்று எஞ்சியவை நான்கு. அவ்வளவு இழந்த மக்களிடமிருந்து ஒரு கல்லையேனும் எடுத்துச் செல்லுதல் முறையாகுமா?

நினைவுப் பொருள் வேண்டுவோர் அவர்கள் கையாற் செய்ததை வாங்கலாம். மெரிடாவில் நூலினாற் பின்னிய தூங்கு மஞ்சங்கள் பேர்போனவை. ஆண்டுகள் பல உழைக்கும். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். பவளம், ஆமையோடு, பெருஞ்சங்கு ஆகியவற்றை வாங்கலாகாது; சுங்கத்தில் பறிமுதலாகும் என்பதோடு, அவற்றை வாங்குவோர் உள்ளவரை அவற்றைக் கொல்வோரும் இருப்பர். எல்லாச் செலவும் அடங்கிய விடுதிக்குள்ளேயே தங்கித் திரும்புபவரின் பணத்திற் கிராமத்திற்குச் சேர்வது சிறிதே. ஒரு நாளேனும் ஊர்ச் சந்தையில் உண்டு, ஊரவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளலாம். உணவுச்சாலைகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வீதம் பரிசளிப்பது வழக்கம். பணியாளர் பலர் குறைந்த சம்பளத்தோடு அதனையும் நம்பியே வாழ்கின்றனர். ஒருவரைப் படம் எடுக்குமுன் அவர் சம்மதத்தைக் கேட்டல் வேண்டும்.

உல்லாசப் பயணத்தின் பொருட்டு நிகழும் மாற்றங்கள் யாவும் நன்மையே என அங்குள்ளோர் கருதவில்லை. 2023ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் மாயா புகையிரதம் என்னும் புதிய பாதை படிப்படியாகத் திறக்கப்பட்டது. தொலைவான ஊர்களை இணைத்து வேலையும் வருவாயும் தரும் என அதனை வரவேற்றோர் உளர். காடழிந்ததென்றும், நிலத்தடிக் குகைகளினூடே தூண்கள் இறக்கப்பட்டு நீருக்குக் கேடு நேர்ந்ததென்றும் வருந்தி எதிர்த்தோரும் உளர். விருந்தாளி அவ்வழக்கிற்கு நீதிபதி அல்லன். எனினும் தன் வருகைக்காகவே இவ்வளவும் நடைபெறுகின்றது என்பதை உணர்ந்து, நீரைச் சிக்கனமாகச் செலவிடவும், துவாயை நாள்தோறும் மாற்றச் சொல்லாதிருக்கவும், குப்பையைத் தன்னோடு எடுத்துவரவும் அவனால் முடியும்.

இவ்வாறு நோக்கின், பிரயாணிக்குக் கூறப்படும் எச்சரிக்கைகளும் விருந்தாளிக்குரிய ஒழுக்கமும் வேறு வேறு அல்ல என்பது புலனாகும். குகை நீரில் அவனைக் காக்கும் அடக்கமே அந்நீரையும் காக்கின்றது. கடலில் அவனைக் காக்கும் பணிவே பவளத்தையும் காக்கின்றது. சரியான முன்னிலைச் சொல் அவனுக்கு வழியையும் காட்டும். கேட்டவரின் மானத்தையும் பேணும்.

ஆறில்லாத குடாநாடொன்றிற் பிறந்து, ஆறில்லாத இன்னொரு குடாநாட்டைக் கண்டு திரும்புவோர்க்கு ஈற்றில் ஒரு பயன் உண்டு. மலகூடக் குழியும், அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும், கொல்லையில் எறிந்த குப்பையும் எங்கே போகின்றன என்னும் வினாவை அவர்கள் அங்கே ஒரு செனோத்தேயின் படியில் நின்று கேட்டிருப்பார்கள். அதே வினாவை வீட்டுக் கிணற்றின் கட்டருகே நின்று மறுபடியும் கேட்டல் வேண்டும். பல்லாயிரங் காதம் கடந்து சென்று கற்ற பாடம், துலாவின் நிழல் விழுந்த தங்கள் கிணற்றைக் காக்க உதவுமாயின், செலவிட்ட பணம் வீணாயிற்று என எவரும் சொல்லார்.